போகாத தீவுக்கு வழி சொல்கிறவள்

அந்தத் தீவுக்குப் போவதைப் பற்றி எங்கள் கம்பெனியில் யாருக்கு என்ன சந்தேகம் வந்தாலும் என் மேஜைக்குத்தான் அனுப்புகிறார்கள். நான் அங்கே போனதே இல்லை. கரீபியன் கடலை வரைபடத்தில் பார்த்திருக்கிறேன், அதோடு சரி. ஆனால் அங்கே கடற்கரையில் எந்த மரத்தடியில் நிற்கக் கூடாது, எந்தக் கிழமையில் பஸ் ஓடாது, கடைக்காரியிடம் வாயைத் திறந்தால் முதலில் என்ன சொல்ல வேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். என் கணவர் இரண்டு வருடம் அங்கே வேலை பார்த்தார். போனில் அவர் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டது இது.

போன மாதம் முதலாளியின் மகன் வந்து நின்றான். புதிதாகக் கல்யாணம் ஆனவன். டவுசர் போட்ட நாளிலிருந்து பார்க்கிறேன், அதனால் எனக்கு அவன் ‘அவன்’தான்.

“அக்கா, ஹனிமூனுக்கு அந்தத் தீவுக்கே போலாம்னு இருக்கறேனுங்க. நம்மகிட்டச் சரக்கு வாங்கற பையர் வேற அங்க இருக்கறாரு, ஒரு எட்டுப் பாத்துட்டும் வந்தர்லாம். என்னென்ன பண்ணோணும்னு ஒரு லிஸ்ட் போட்டுக் குடுங்க.”

எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவில்லை. என்னிடம் போய் அதைக் கேட்க உனக்கு எப்படி மனசு வந்தது என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அவனுக்கு என் கணவர் இறந்தது தெரியும். எப்படி இறந்தார் என்பது முழுதாகத் தெரியாது, என்னையும் மகளையும் தவிர யாருக்கும் தெரியாது. இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். இருபத்திரண்டு வருடமாக ஏற்றுமதி டாக்குமென்ட் தயாரிக்கிறவள், ஒரு விஷயத்தை அரைகுறையாக எழுத எனக்கு வராது.

இந்தியப் பாஸ்போர்ட் இருந்தால் அந்தத் தீவில் இறங்குவதற்கு முன்கூட்டியே விசா வாங்க வேண்டியதில்லை, ஆனால் போகிற வழியில் விமானம் மாறும் நாட்டுக்கு டிரான்சிட் விசா வேண்டும் என்பதை முதல் வரியாக எழுதி, இரண்டு முறை அடிக்கோடு போட்டேன். அப்புறம் மற்றவை. ஜூனிலிருந்து நவம்பர் வரை புயல் காலம், போகாதே. ராணுவ உடுப்பு மாதிரிக் கேமோ பிரின்ட் போட்ட டவுசர், பனியன், தொப்பி எதையும் பெட்டியில் வைக்காதே. அது அங்கே ராணுவத்துக்கு மட்டும் உரியது, மற்றவர் உடுத்தினால் குற்றம், பச்சைக் குழந்தைக்குப் போட்டிருந்தாலும் கழற்றச் சொல்வார்கள். திருப்பூரில் பாதிப் பையன்கள் வேலைக்கு வருவதே அந்தத் துணியில்தான். அவன் பெட்டியிலும் மூன்று இருந்ததாம்.

கடற்கரையில் சின்னப் பச்சை ஆப்பிள் மாதிரி பழம் உதிர்ந்து கிடக்கும், கையால்கூடத் தொடாதே. மழை வந்தால் அந்த மரத்தடியில் ஒதுங்காதே, இலையிலிருந்து சொட்டும் தண்ணீர் பட்டால் தோல் வெந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸை நம்பாதே. சொகுசுக் கப்பல் வந்து நிற்கும் நாளில் கடைவீதிக்குப் போகாதே, அன்றைக்கு எல்லாமே விலை ஏறியிருக்கும். கறிவேப்பிலை எடுத்துப் போகாதே, பிடுங்கிப் போட்டுவிடுவார்கள். சாம்பார் பொடி சீல் வைத்த பாக்கெட்டில் இருந்தால் விடுவார்கள். கறி சாப்பிடாத நாளில் சீமைப்பலாவைச் சுட்டுத் தருவார்கள், நன்றாக இருக்கும். யாரிடம் எதைக் கேட்பதாக இருந்தாலும் முதலில் காலை வணக்கமோ மாலை வணக்கமோ சொல்லிவிட்டுக் கேள். எடுத்த எடுப்பில் “இது எவ்வளவு” என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

“நம்மூர்க்காரங்க மாதிரியே அம்மிணி, மரியாதைன்னா உசுரு” என்பார் என் கணவர். என்னை அவர் அம்மிணி என்றுதான் கூப்பிடுவார். சண்டை வந்தால் ‘ஆபீசரம்மா’, மனசு இளகினால் ‘சாமி’.

பையன் அந்த இரண்டு பக்கத்தையும் போனில் படம் எடுத்துக்கொண்டு, “சூப்பருங்க அக்கா, நீங்களே போயிட்டு வந்தாப்பல இருக்குது” என்று சொல்லிவிட்டுப் போனான். நான் அன்றைக்கு மத்தியானம் சாப்பிடவில்லை. அந்த இரண்டு பக்கத்தில் எழுதாததை இங்கே எழுதிவிட்டால் கொஞ்சம் பாரம் குறையும் என்று நினைத்து ஆரம்பித்திருக்கிறேன். குறையாது என்றும் தெரிகிறது.

என் கணவர் பிரின்டிங் மாஸ்டர். வீரபாண்டியில் வாடகைக்கு ஒரு ஷெட் எடுத்து, பனியன் துணியில் ஸ்கிரீன் பிரின்ட் போட்டுக்கொண்டிருந்தார். நல்ல கை. கம்ப்யூட்டர் மிஷின்கள் வந்த பிறகு ஷெட்டை மூடும்படி ஆகிவிட்டது. அந்த நேரத்தில்தான் எங்கள் கம்பெனிக்கு அந்தத் தீவிலிருந்து ஒரு பையர், அதாவது எங்களிடம் சரக்கு வாங்கும் வியாபாரி, வந்தார். நாங்கள் இங்கே அருள்புரத்தில் தைத்து அனுப்பும் வெறும் டீ-ஷர்ட்டுகளில், தென்னை மரமும் தீவின் பெயரும் அச்சடித்துச் சுற்றுலாக்காரர்களுக்கு விற்பதுதான் அவர் தொழில். அச்சடிக்க நல்ல ஆள் வேண்டும் என்றார். நான்தான் என் கணவரைக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினேன். ஐம்பத்தொரு வயதில், முதல் தடவையாக விமானம் ஏறி, என் கணவர் அங்கே போனார். கூட வேலைக்கு வெள்ளகோவில்காரர் ஒருவரும் போனார். அவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும், என் கணவரை அண்ணன் என்பார், என்னை அக்கா என்பார்.

நமக்கும் அந்தத் தீவுக்கும் ஒன்பதரை மணி நேரம் வித்தியாசம். நமக்குக் காலை ஐந்தரை என்றால் அவருக்கு முந்தின நாள் ராத்திரி எட்டு. நமக்குச் சாயங்காலம் ஐந்தரை என்றால் அவருக்கு அன்றைக்குக் காலை எட்டு. தினம் இந்த இரண்டு ஐந்தரைக்கும் போன் அடிக்கும். காலையில் நான் அடுப்படியில் இருப்பேன், சாயங்காலம் ஆபீஸில் இருப்பேன். ஊர் கதை, மகளின் காலேஜ், அவர் சமைத்த குழம்பு. கடைசியில் ஏதாவது ஒரு தகவல் சொல்லி முடிப்பார்: “நீ வரும்போது இதை மனசுல வெச்சுக்கோ.” இரண்டாவது வருட முடிவில் நான் போய் ஒரு மாதம் இருந்துவிட்டு, இருவரும் சேர்ந்து திரும்பி வருவதாகப் பேச்சு. அதற்காகப் பாஸ்போர்ட்டும் எடுத்து வைத்திருந்தேன்.

“ஏனுங்க, நான் என்ன சின்னக் குழந்தையா, எல்லாத்தையும் பாடம் எடுக்கறீங்க?” என்று சிடுசிடுப்பேன்.

“உனக்குத் தெரியாததா ஆபீசரம்மா. நீதா தப்பே பண்ண மாட்டியே.”

அந்தக் கேலியில் உண்மை இருந்தது. ஆபீஸில் என் கையிலிருந்து போன இன்வாய்ஸில் ஒரு புள்ளி தவறியதில்லை. பெட்டி எண்ணிக்கை, எடை, எந்த ஊர் வழியாகப் போகிறது, யார் பெயருக்குப் போகிறது, எல்லாம் மனப்பாடம். யாராவது தவறு செய்துவிட்டு என் முன்னால் வந்தால் உண்டு இல்லை என்று பண்ணிவிடுவேன். புதிதாக வந்த ஒரு பெண்ணை, ஒரு எழுத்து மாறியதற்காக, எல்லோர் முன்னாலும் அழவைத்திருக்கிறேன். அதற்காக அப்போது வருத்தப்பட்டதில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை ஐந்தரைக்கு அடித்த போனில் வெள்ளகோவில்காரர் பேசினார்.

“அக்கா, பதறாதீங்க. அண்ணனுக்கு நெஞ்சு வலின்னாருங்க. ஆஸ்பத்திரில சேத்தியாச்சு. ஹார்ட் அட்டாக்குன்னு சொல்றாங்க. இப்பப் பரவால்லீங்க, பேசறாரு. இருங்க, குடுக்கறேன்.”

என் கணவர் குரல் மெலிந்து வந்தது. “ஒண்ணுமில்லே சாமி. கொஞ்சம் வலி. நீ அழுகாதே.” அந்தத் தீவு சின்னது, இருதய அடைப்புக்கு வைத்தியம் பார்க்கிற வசதி அங்கே இல்லை, பக்கத்துப் பெரிய தீவின் ஆஸ்பத்திரிக்குச் சின்ன விமானத்தில் கொண்டுபோக வேண்டும், அங்கே படுக்கை காலியாகும் வரை காத்திருக்க வேண்டும் என்று வெள்ளகோவில்காரர் விவரம் சொன்னார். இரண்டு நாளோ நான்கு நாளோ ஆகலாமாம்.

“நா வர்றேனுங்க” என்றேன்.

“டிராவல்ஸ்ல விசாரிச்சுட்டு வா அம்மிணி. வழியெல்லாம் கேட்டுக்கோ” என்றார்.

“எனக்குத் தெரியாத வழியா? நீங்க பேசாமப் படுங்க.”

அப்படித்தான் சொன்னேன். படுக்கையில் கிடந்தவரிடம்கூட என் வாய் அடங்கவில்லை.

எங்கள் பெட்டிகள் கப்பலில் போவதுதான் வழக்கம். சீசன் நெருங்கி அவசரம் என்றால் விமானத்தில் போகும். கோவையிலிருந்து மும்பை, மும்பையிலிருந்து ஐரோப்பாவில் ஒரு பெரிய விமான நிலையம், அங்கிருந்து நேராக அந்தத் தீவு. இதைவிடச் சீக்கிரமான வழி கிடையாது. எத்தனையோ முறை அந்த வழியில் சரக்கு அனுப்பியிருக்கிறேன், ஒரு பெட்டி எங்கேயும் நின்றதில்லை. ஆபீஸ் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, அதே வழியில், புதன்கிழமைக்கு எனக்கு ஒரு டிக்கெட் போட்டேன். தீவில் இறங்க விசா வேண்டாம் என்பதை மட்டும் ஒரு முறைக்கு இரண்டு முறை சரிபார்த்தேன். வழியைச் சரிபார்க்கவில்லை. எனக்கு மனப்பாடமான வழி அது. கார்ட்டன் பெட்டிக்கு அங்கே யாரும் விசா கேட்பதில்லை என்பதால், எனக்கும் கேட்க மாட்டார்கள் என்று நினைத்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. நினைக்கவே இல்லை.

கோவையில் படிக்கும் மகள் ஹாஸ்டலிலிருந்து வந்து, புதன்கிழமை என்னோடு விமான நிலையத்துக்குக் கிளம்பினாள். போகிற வழியிலேயே என் கணவருக்கு, கிளம்பிவிட்டேன், வியாழக்கிழமை உங்கள் ஊர் நேரம் மத்தியானம் வந்து இறங்குகிறேன் என்று செய்தி அனுப்பினேன். கவுன்டரில் இருந்த பெண் என் பாஸ்போர்ட்டைப் புரட்டினாள். மறுபடியும் முதலிலிருந்து புரட்டினாள்.

“மேடம், டிரான்சிட் விசா எங்கீங்க?”

“நா அந்த ஊருக்குப் போகலீங்க. அங்க பிளேன் மாறத்தான் போறேன்.”

“மாறறதுக்கும் வேணுமுங்க மேடம். இல்லீன்னா ஏத்த முடியாதுங்க.”

நான் கத்தினேன். எத்தனை வருடமாக அந்த வழியில் அனுப்புகிறேன் தெரியுமா என்று கேட்டேன். என் கணவர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார் என்றேன். அந்தப் பெண் பொறுமையாக மேலதிகாரியைக் கூப்பிட்டாள், அவரும் அதையே சொன்னார். அந்த விசா கிடைக்க வாரக்கணக்கில் ஆகும் என்றார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு முன்னே போனார்கள். நான் செய்த தவறு என்ன என்று விளங்கியபோது எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை, வெட்கம். இதைச் சொல்ல எனக்கு இப்போதும் கூசுகிறது. கணவர் சாகக் கிடக்கும்போது, யாருக்காவது தெரிந்துவிட்டதா என்று சுற்றுமுற்றும் பார்த்தேன்.

நேராகத் திருப்பூருக்குத் திரும்பி ஒரு டிராவல்ஸில் போய் உட்கார்ந்தோம். அங்கிருந்தவர் பாஸ்போர்ட்டைப் பார்த்த மாத்திரத்தில், “அந்த வழி ஆகாதுங்களேக்கா, மொதல்லயே கேட்டிருக்கலாமே” என்றார். விசா கேட்காத நாடுகள் வழியாகச் சுற்றிச் சுற்றிப் போகும் டிக்கெட் சனிக்கிழமைக்குத்தான் கிடைத்தது. அதைப் போட்டுக்கொண்டிருக்கும்போதே ஐந்தரை ஆகி, போன் அடித்தது.

“எங்கிருக்கற அம்மிணி?”

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். “மும்பை வந்துட்டேனுங்க. இன்னும் கொஞ்ச நேரத்துல அடுத்த பிளேனு” என்று வந்தது.

“சாப்டியா?”

“ஆச்சுங்க.”

“பயமா இருக்குதா?”

“அதெல்லாம் இல்லீங்க.”

போனை வைத்ததும் மகள் என்னையே பார்த்தாள். “ஏம்மா பொய் சொன்னே? அப்பாகிட்ட உண்மையைச் சொல்லிரு.”

“அப்பாவைப் பதற வெக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. நீ வாயை மூடு” என்றேன். டாக்டர் அப்படிச் சொன்னது உண்மைதான். ஆனால் நான் பொய் சொன்னது அதற்காக இல்லை. ஆபீசரம்மா கோவையைத் தாண்டவில்லை என்று அவர் வாயால் கேட்க என்னால் முடியவில்லை. விமானம் தாமதம் என்று ஒவ்வொரு நாளாகச் சொல்லி, சனிக்கிழமை வரை ஓட்டிவிடலாம், போய் இறங்கிய பிறகு சொன்னால் சிரித்துக்கொள்வோம் என்று கணக்குப் போட்டேன்.

மறுநாள் வியாழக்கிழமை காலை ஐந்தரைக்கு, அடுப்பு மேடையில் இருந்த போன் அடித்தது. அவர் பெயர். மகள் எட்டி எடுக்கப் போனாள். நான் அவளுக்கு முன்னால் பிடுங்கிக்கொண்டேன்.

“எடும்மா, அப்பா.”

“நான் பிளேன்ல இருக்கறதா நெனச்சுட்டிருக்காரு. எடுத்தா எப்படி?”

“எனக்குக் குடு, நான் பேசறேன்.”

கொடுக்கவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அது ஓயும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பறந்துகொண்டிருப்பவளின் போன் மணியடிக்காது, அணைத்து வைக்க வேண்டும் என்பதுகூட எனக்குத் தோன்றவில்லை. பொய் சொல்வதற்கும் ஒரு சாமர்த்தியம் வேண்டும், எனக்கு அதுவும் இல்லை. இரண்டாம் முறை அடிக்கவில்லை.

அன்று சாயங்காலம் ஐந்தரைக்கு, அவருக்குக் காலை எட்டு மணிக்கு, நானே கூப்பிட்டேன். விமானம் மாறும் ஊரில் மூடுபனி, எல்லா விமானமும் நிற்கிறது, இன்னும் ஒரு நாள் ஆகும் என்றேன். சொல்லும்போது எங்கள் தெருவில் ஒரு தள்ளுவண்டிக்காரர் வெங்காயம் விற்றுக்கொண்டு போனார். அந்தச் சத்தம் அவருக்குக் கேட்டிருக்குமோ என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

“சரி சாமி. மெதுவா வா. அவசரப்படாதே” என்றார்.

“உங்களுக்கு எப்பிடீங்க இருக்குது?”

“இருக்குது. நீ வா.”

வெள்ளிக்கிழமை விடியும்போது வெள்ளகோவில்காரரிடமிருந்து போன் வந்தது. அங்கே வியாழக்கிழமை இரவு. இரண்டாவது முறை வலி வந்து, பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டதாம். “நீங்க எங்கீங்க இருக்கறீங்க அக்கா?” என்று அவர் அழுதுகொண்டே கேட்டார். “வழில இருக்கறேன்” என்றுதான் அப்போதும் சொன்னேன். வீட்டுக் கூடத்தில், நைட்டியோடு, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றபடி சொன்னேன்.

சனிக்கிழமை டிக்கெட்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவரை இங்கே கொண்டுவரும் வேலை ஆரம்பமானது, அந்தக் காகிதங்களை நானே பார்த்தேன். ஆபீஸில் எல்லோரும் வேண்டாம் அக்கா, நாங்கள் பார்க்கிறோம் என்றார்கள். யாரையும் தொட விடவில்லை. எடை, வழி, அனுப்புபவர், பெறுபவர். சரக்கைப் பெற்றுக்கொள்பவர் பெயர் எழுதும் கட்டத்தில் எத்தனையோ கம்பெனிகளின் பெயரை அடித்திருக்கிறேன், அன்றைக்கு என் பெயரை அடித்தேன். அதே ஐரோப்பிய விமான நிலையம் வழியாகத்தான் அவர் வந்தார். அங்கே அவர் ஆறு மணி நேரம் இருந்தார். அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை. கோவை சரக்குப் பிரிவில் கையெழுத்துப் போட்டு வாங்கி, மறுநாள் மின்மயானத்தில் கொடுத்தோம்.

துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் நான் பாதி வழி போய்த் திரும்பி வந்ததாக மாமியார் வீட்டார் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் அதை மறுக்கவில்லை. விமானங்கள் நின்றுபோனதால்தான் பாவம் இவளால் முகம் பார்க்க முடியவில்லை என்று என் கையைப் பிடித்து அழுதார்கள். மகள் ஒரு மூலையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

மூன்று மாதம் கழித்து வெள்ளகோவில்காரர் லீவில் ஊருக்கு வந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல், என் கணவரின் பெட்டியை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். சட்டைகள், மூக்குக்கண்ணாடி, சவரப் பெட்டி, எனக்கென்று வாங்கி வைத்திருந்த ஒரு வெயில் தொப்பி. விலைச்சீட்டுகூடக் கிழிக்காமல் இருந்தது. மகள் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அக்கா, உங்களைப் பாத்து ஒண்ணு சொல்லோணும்னே இருந்தேனுங்க” என்றார் அவர். “அண்ணனுக்கு உங்க மேல எவ்வளவு பாசம்னு எனக்கு அன்னிக்குத்தானுங்க தெரிஞ்சுது. போன்ல சொல்ல மனசு வரலீங்க.”

“என்னங்க?”

“புதங்கெழமை ராத்திரி எட்டு மணி இருக்குமுங்க. டாக்டரு வந்து, பெரிய தீவுல பெட் கெடைச்சிருச்சு, நாளைக்குக் காத்தால ஏழு மணிக்குப் பிளேன் வருது, இதுல கையெழுத்துப் போடுங்கன்னாருங்க. அண்ணன், ‘இருங்க, ஊட்ல ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்’னு உங்களுக்குப் போனு போட்டாருங்க. மணி போச்சு, நீங்க எடுக்கலீங்க. ‘மணி போகுது பாரு, அப்பன்னா பிளேன் மாறற ஊர்ல எறங்கிட்டா. அசந்து தூங்கறாளாட்ட இருக்குது, எழுப்ப வேண்டாம் விடு’ன்னாருங்க.”

அவர் ஒரு வாய் காபி குடித்தார்.

“அப்பறம் டாக்டர்கிட்ட, ‘எம் பொண்டாட்டி நாளைக்கு மத்தியானம் இங்க வந்து எறங்கறா. வந்து பாக்கறப்ப நான் இல்லீன்னா புது ஊர்ல தெகச்சுப் போயிருவா. அடுத்த பிளேன்ல ரெண்டு பேருமாப் போய்க்கறோம்’னுட்டாருங்க. நா சொன்னேனுங்க, அக்காவை நாங் கூட்டியாறேன், நீங்க போங்கண்ணான்னு. டாக்டரும் எவ்வளவோ சொன்னாரு. கேக்கலீங்க. வேண்டாம்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டாரு. காத்தால ஏழு மணிக்கு அந்தப் பிளேன் வேற ஒருத்தரை ஏத்தீட்டுப் போச்சுங்க. எட்டு மணிக்கு நீங்க கூப்புட்டு, இன்னொரு நாள் ஆகும்னீங்க.”

நான் பெட்டியிலிருந்த வெயில் தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

“உங்க பிளேனு மட்டும் லேட்டாகாம இருந்திருந்தா, கடைசியா முகமாவது பாத்திருப்பாருங்க” என்று சொல்லிவிட்டு அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என்னைத் தேற்றுவதாக நினைத்துத்தான் அவ்வளவும் சொன்னார், நல்ல மனிதர். மதியம் சாப்பிட்டுவிட்டுப் போங்க என்று நான் சொன்னதும், இன்னொரு நாளைக்கு வர்றேனுங்க என்று எழுந்துகொண்டார். வாசல் வரை போய் வழியனுப்பினேன்.

திரும்பி வந்தபோது மகள் காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போயிருந்தாள். குழாயைத் திறந்துவிட்டு வெகு நேரம் கழுவிக்கொண்டிருந்தாள். அடுப்படிக்குள் போய் அவள் பக்கத்தில் நிற்க எனக்குத் தைரியம் வரவில்லை. அன்றைக்குச் சாயங்காலமே ஹாஸ்டலுக்குக் கிளம்பிவிட்டாள். அதற்குப் பிறகு இருவரும் எவ்வளவோ பேசியிருக்கிறோம், அதைப் பற்றி மட்டும் அவளும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. கேட்டுவிட்டால்கூடப் பரவாயில்லை என்று சில நாள் தோன்றும்.

அந்தக் காலையில் நான் போனை எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை எத்தனையோ தடவை ஓட்டிப் பார்த்துவிட்டேன். பெரிதாக ஒன்றும் ஆகியிருக்காது. “தப்புப் பண்ணிட்டேனுங்க, கோயமுத்தூரே தாண்டலீங்க” என்று சொல்லியிருப்பேன். அவர் சிரித்திருப்பார், ஆபீசரம்மா என்று நாலு வார்த்தை கேலி பேசியிருப்பார். பேசிவிட்டு, காலை ஏழு மணிக்கு அந்தப் பிளேனில் ஏறியிருப்பார்.